எட்டாவது அறை

அந்த மாதம் மேட்டுத் தெருவில் பல வீடுகளுக்குக் கதவுகள் திடீரென்று வேண்டாதவை ஆகிவிட்டன. வாயிற்கதவுகளைச் சொல்லவில்லை, அவை முன்னிலும் உறுதியாகவே பூட்டப்பட்டிருந்தன. உள்ளே, மாடியின் கோடியிலோ சமையலறைக்குப் பின்புறமோ இருந்த ஏதேனும் ஓர் அறையின் கதவு மட்டும் கீலிலிருந்து கழற்றப்பட்டு, மாடிப்படிக்கு அடியில் சுவரைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. அந்தப் பகுதித் தச்சர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை.

காரணம் எளியது. ஏழு அறைகளுக்கு மேல் உள்ள வீடுகளுக்கு நகராட்சி அந்த ஆண்டு முதல் கூடுதல் வரி விதித்திருந்தது. வசதி படைத்தவர்களிடமிருந்து பெறும் அந்தத் தொகையைக் கொண்டு, ஊரின் தாழ்வான பகுதியில் உள்ள வாடகைக் குடியிருப்புகளுக்குக் குடிநீர்க் குழாய் போடுவதாகத் தீர்மானம். அறை என்பது யாது என்பதற்கு விதியை எழுதியவர்கள் மிகுந்த கவனத்துடன் ஒரு விளக்கமும் தந்திருந்தார்கள்: சுவரும் கூரையும் கதவும் உடைய இடம். இம்மூன்றில் எளிதாகக் கழற்றக்கூடியது எது என்று கண்டுபிடிக்க மேட்டுத் தெருவாருக்கு ஒரு மாலைப்பொழுதுகூடத் தேவைப்படவில்லை.

கதவு கழற்றப்பட்ட அடையாளம் தெரிந்தால் அதனையும் அறையாகவே கணக்கிடும் உரிமை, வீடு வீடாக வந்து அறைகளை எண்ணும் நகராட்சி அளவையாளருக்கு உண்டு. உரிமை இருந்தது, வீட்டுக்கு வீடு வாக்குவாதம் செய்யும் தெம்புதான் வேண்டியிருந்தது.

அந்தத் தெருவுக்கு வாய்த்த அளவையாளர் ஐம்பதைக் கடந்த பெண்மணி, கணவரை இழந்தவர். தாழ்வான பகுதியில், நான்காம் மாடியில் தனியாகக் குடியிருந்தார். காலையில் தண்ணீர் லாரியின் ஒலி கேட்டதும் குடங்களுடன் கீழே இறங்கி, வரிசையில் நின்று, மறுபடி ஏறி, அதன் பிறகே அலுவலகத்துக்குப் புறப்படுவார். ஆகவே மற்றவர்கள் நாளைத் தொடங்கும்போது அவருக்குப் பாதி நாள் முடிந்திருக்கும். முழங்கால்களோ முழு நாளும் முடிந்துவிட்டதாகவே சொல்லும்.

அன்றைக்கு அவர் அளக்க வேண்டியிருந்தது தம் சொந்தத் தமையனாரின் வீட்டை. வேறு யாரையாவது அனுப்பும்படி மேற்பார்வையாளரிடம் முதல் நாளே பணிவுடன் கேட்டிருந்தார்.

"வேற ஆளுக்கு நான் எங்கம்மா போவேன்? இருக்கிறதே நீங்க ஒருத்தர்தான்," என்று மேற்பார்வையாளர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "அண்ணன் வீடுன்னா அளவுநாடா சுருங்கிடுமா என்ன?"

அலுவலக வண்டியின் ஓட்டுநருக்கு 'வானொலி' என்று பெயர். வண்டியின் சாவியைத் திருகினால் இன்ஜினுக்கு முன்பு அவர் வாய் ஓடத் தொடங்கிவிடும் என்பதால் ஏற்பட்ட பெயர் அது.

"நான் சொன்னா நீங்க கோவிச்சுக்கக் கூடாது மேடம்," என்று அன்றைய ஒலிபரப்பைத் தொடங்கினார். "அவங்க சம்பாதிச்சாங்க, அவங்க கட்டினாங்க. அதுல போய் அறையை எண்ணிப் பணம் கேக்கிறது எனக்கு நியாயமாப் படல."

"உங்க வீட்டுல எத்தனை அறை?"

"ஒண்ணரை."

"அப்புறம் உங்களுக்கு என்ன கவலை?"

"நாளைக்கு நானும் பெரிய ஆளாயிட்டா? என் மருமகன் ஏதோ தொழில் ஆரம்பிக்கிறான்."

"ஆரம்பிக்கட்டும். எட்டாவது அறை கட்டினதும் சொல்லி அனுப்புங்க, நானே வந்து அளக்கிறேன்."

"நீங்க விடவே மாட்டீங்க!" என்று வானொலி சிரித்தார். "ஆனா ஒண்ணு மேடம். இந்தத் தெருவுல இருக்கிற கதவில்லாத அறையை எல்லாம் பார்த்தா, திருடனுக்கே சங்கடமா இருக்கும்."

அளவையாளரும் சிரித்தார். அவ்வாரம் அவர் சிரித்தது அநேகமாக அது ஒருமுறைதான். முந்தைய வீட்டில், கதவு கழற்றிய அறையைக் கணக்கில் சேர்த்ததற்காக ஒரு மருத்துவர் அவரைப் படியிறங்கும் வரை துரத்திப் பேசியிருந்தார். அதற்கு முந்தைய வீட்டில் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல், கழற்றிய கதவு ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டே வந்திருந்தார்.

தமையனார் வாசலிலேயே நின்று வரவேற்றார். தரை ஓடுகள் விற்கும் கடை வைத்து, ஒன்றை மூன்றாக்கியவர். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தங்கையின் கணவர் நோயில் கிடந்தபோது மருத்துவமனைச் செலவைத் தாங்கியவர் அவரே. தாயாரையும் தம்மோடு வைத்துக்கொண்டிருந்தார்.

"வா வா. வேலையை அப்புறம் பார்க்கலாம், முதல்ல டீ குடி," என்றார்.

"அளந்துட்டுக் குடிக்கிறேன் அண்ணா."

"அட, உனக்குத் தெரியாத வீடா? ஏழுன்னு எழுதிட்டு உட்காரு."

அண்ணியார் புன்னகை செய்தார். ஆனால் கண்கள் அதில் கலந்துகொள்ளவில்லை. அளவையாளர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வோர் அறையாக அளக்கத் தொடங்கினார். பளபளக்கும் தரையில் முழங்காலிட்டு எழுந்திருப்பது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. கீழே நான்கு, மாடியில் மூன்று. கடைசியாகச் சமையலறையைத் தாண்டிப் பின்கட்டுக்கு வந்தபோது அவருடைய கால்கள் தாமாகவே நின்றுவிட்டன.

அது தாயாரின் அறை. நிலையில் கதவு இல்லை. கீல்கள் இருந்த இடத்தில் வர்ணம் படாத மரம் புதுக் காயம் போல வெளுத்துத் தெரிந்தது. மெல்லிய திரை ஒன்று தொங்கியது. சமையலறையின் மின்விசிறிக் காற்றுக்கு அது உள்ளும் வெளியுமாக அலைந்துகொண்டிருந்தது.

தாயார் கட்டிலின் மறுகோடியில், நிலைக்கு நேராகத் தெரியாத ஒரு மூலையில் ஒடுங்கி அமர்ந்திருந்தார்.

"வாடி. நீயாவது சொல்லிட்டு உள்ள வந்தியே," என்றார்.

"நான் எதுவும் சொல்லலையேம்மா."

"திரைக்கு அந்தப் பக்கம் நின்னே இல்ல? அதுவே பெரிய மரியாதை இப்ப."

அளவையாளர் கட்டிலில் உட்கார்ந்தார். தரையில் முழங்காலிடும் எண்ணத்தை முழங்கால்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

"எப்பம்மா கழட்டினாங்க?"

"போன வாரமே ஆயிடுச்சு. துணி மாத்தணும்னா அந்த அலமாரிக் கதவைத் திறந்து வெச்சு, அதுக்குப் பின்னாடி நின்னுக்கிறேன். கடையில திருட வந்தவ மாதிரி." தாயார் சிரித்தார், சிரிப்பு பாதியிலேயே நின்றது. "யாரும் தப்பாப் பார்க்கலடி. சமையல்காரி, கடைப் பையன், உன் அண்ணனோட கூட்டாளிங்க, யார் இந்தப் பக்கம் வந்தாலும் கண்ணு ஒரு தடவை உள்ள வந்துட்டுத்தான் போகுது. அவங்களைச் சொல்லி என்ன பண்றது? திறந்து கிடந்தா பார்க்கத்தானே செய்வாங்க."

"நான் போனதும் கதவை மாட்டிடுவாங்கம்மா."

"எங்கே! வருஷம் முழுக்க எப்ப வேணும்னாலும் மறுபடி சோதனைக்கு வருவீங்களாமே. அதனால இந்த வருஷம் போகட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம்னுட்டான்." தாயார் தம் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டார். "அடுத்த வருஷம் மட்டும் இந்த வரி எங்கே போயிடப் போகுது?"

அளவையாளர் எழுந்து, நிலையின் மரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு அளவுநாடாவை விரித்தார். நீளம், அகலம். எழுதினார்.

கூடத்தில் தமையனார் காத்திருந்தார். டீ ஆறி ஏடு படிந்திருந்தது.

"எட்டு அண்ணா," என்றார் அளவையாளர்.

தமையனார் தங்கையை நிமிர்ந்து பார்த்தார். கோபத்தைவிட வியப்பே அவர் முகத்தில் அதிகமாக இருந்தது.

"என் வீட்டுக்கா?"

"எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் எழுதினேன். பக்கத்து வீட்டு டாக்டருக்கும்."

"டாக்டர் உனக்கு அண்ணனா? உன் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப டாக்டரா வந்து நின்னார்?"

"இல்ல, நீதான் வந்து நின்னே. நான் மறக்கல."

"அப்புறம் என்ன? நான் கொடுக்க மாட்டேன்னா சொல்றேன்? யாராவது இல்லைன்னு வந்தா கொடுக்கிறேன். கடை ஆளுங்க பிள்ளைகளுக்குப் படிப்புக்குக் கொடுக்கிறேன். கேட்டு வாங்கிக்கோ. சட்டைப் பையில கையை விட்டு எடுக்காதே. அதைத்தான் சொல்றேன்." தமையனாரின் குரல் உயர்ந்தது. "அதுவும் யாருக்கு? உங்க குடியிருப்புக்குத்தானே குழாய்? உன் வீட்டுல தண்ணி வரணும்னு என் வீட்டுக் கதவை எண்ணுறே. வெளியில தெரிஞ்சா சிரிப்பாங்க."

"ஏங்க, மெதுவா," என்றார் அண்ணியார்.

அளவையாளருக்கு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பதில்கள் இல்லாமல் இல்லை. அவற்றைத் தூக்கிக் கொண்டுவரத்தான் சிரமமாக இருந்தது.

"நீ கொடுத்தே அண்ணா. ஆனா நான் எப்படி வாங்கினேன்னு உனக்குத் தெரியாது. இதே கூடத்துல வந்து உட்கார்ந்தேன். நீ சாப்பிட்டு முடிக்கட்டும்னு இருந்தேன். யாரோடயோ போன்ல பேசி முடிக்கட்டும்னு இருந்தேன். உன் முகம் எப்படி இருக்குன்னு பார்த்துப் பார்த்து, அப்புறம் கேட்டேன். நீ உடனே கொடுத்தே, குறை சொல்லல. ஆனா அவ்வளவு நேரம் நான் உட்கார்ந்திருந்தேன் இல்ல?" சற்று மூச்சு வாங்கிக்கொண்டார். "எங்க படிக்கட்டுல தண்ணி தூக்கிட்டு ஏறுற எல்லாருக்கும் அண்ணன் கிடையாது. குழாய் வந்தா யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். திறந்தா வரும்."

"அந்தக் குழாய் வரும்னு நம்புறியா நீ?"

குழாய் போகும் வழி என்று குடியிருப்பின் வாசலில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். மழை வந்து அழித்தது. மீண்டும் போட்டார்கள். மீண்டும் மழை வந்தது.

"தெரியல," என்றார். "ஆனா அம்மா ரூம்ல கதவு இல்லைங்கிறது தெரியும். எட்டுன்னு எழுதியாச்சு. இனி அதை மறைச்சு உனக்கு லாபம் இல்ல. மாட்டச் சொல்லு."

தமையனாருக்கு அப்போதுதான் கோபம் முழுவதுமாக வந்தது. தாயாரின் கதவை அவர் ஒரு கதவாக நினைத்துக்கூடப் பார்த்திருக்கவில்லை. அதைத் தங்கை வாயால் கேட்டது அவரைச் சுட்டுவிட்டது.

"ஓ, அம்மாவை நான் சரியாப் பார்த்துக்கலைன்னு சொல்ல வர்றே! அவ்வளவு அக்கறை இருந்தா நீயே கூட்டிட்டுப் போயேன். எட்டுக்கும் வரி கட்டுறேன். அதுல ஒண்ணு காலியாவே கிடக்கட்டும்!"

சொல்லி முடித்ததுமே அவர் வருந்தினார் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் வாய்விட்டுச் சொன்னது திரும்பி வரவில்லை. அவரும் அதைத் திரும்ப அழைக்கவில்லை.

பின்கட்டின் திரை விலகியது. தாயார் சுவரைப் பிடித்தபடி வந்து நின்றார்.

"உன் வீட்டுல கதவு இருக்கா?" என்று மகளைக் கேட்டார்.

"அம்மா, அவர் ஏதோ கோவத்துல சொல்றார்," என்று அண்ணியார் பதறினார்.

"இருடி, நான் அவகிட்டத்தானே கேக்கிறேன். கதவு இருக்கா?"

"இருக்கும்மா."

"தாழ்ப்பாள்?"

"இருக்கு. கொஞ்சம் இறுக்கமா இருக்கும்."

"இறுக்கமா இருந்தா நல்லதுதான்."

அந்த நொடியில் அளவையாளரின் மனத்தில் முதலில் எழுந்தது பாசமன்று. இன்னும் இரண்டு குடம் என்ற எண்ணமே. அதற்காக அவர் வெட்கப்பட்டார். வெட்கப்பட்டாலும் எண்ணம் போகவில்லை.

"நாலு மாடிம்மா. லிஃப்ட் கிடையாது. தண்ணி கீழேயிருந்து தூக்கணும்."

"நான் எவ்வளவு குடிச்சிடப் போறேன்?" என்று கேட்டுவிட்டுத் தாயார் மகனின் பக்கம் திரும்பினார். "உன்மேல எனக்குக் கோவம் இல்லடா. கதவை மாட்டி வை. மாட்டினதும் சொல்லி அனுப்பு, வர்றேன். கையில ஒரு பை போதும்."

தமையனார் சன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றார். தச்சரைக் கூப்பிடுவதற்காக அவர் கைப்பேசியை எடுத்தாரா, அல்லது வெறுமனே கையில் வைத்துக்கொண்டாரா என்பது தெரியவில்லை. அண்ணியார் மாத்திரைகளைப் பையில் எடுத்து வைத்தார். எது காலையில், எது இரவில் என்று இரண்டு முறை சொன்னார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

வண்டியில் வானொலி நெடுநேரம் பேசவில்லை. கண்ணாடியில் பின் இருக்கையை ஒருமுறை பார்த்தார், மறுமுறை பார்த்தார். இறக்கத்தில் வண்டி திரும்பும்போது அவரால் அதற்கு மேல் முடியவில்லை.

"தப்பா நினைக்காதீங்க மேடம். உங்க அண்ணன் வீட்டுல இப்ப ஒரு அறை கூடிப்போச்சு, ஒரு ஆள் குறைஞ்சுபோச்சு. இந்தக் கணக்கை எந்தப் பக்கம் எழுதுவீங்க?"

"வண்டியைப் பார்த்து ஓட்டுங்க," என்றார் அளவையாளர்.

குடியிருப்பின் வாசலில் சுண்ணாம்புக் கோடு ஏறத்தாழ மறைந்திருந்தது. தாயார் ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினார். வானொலி கேட்காமலே பையை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினார், மூன்றாம் மாடியில், "இதுல தினமும் தண்ணியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். விடையை எதிர்பார்க்கவில்லை. மருமகனின் தொழிலைப் பற்றியும் அதன் பிறகு பேசவில்லை. மேலே வந்ததும் பையை வைத்துவிட்டு, மூலையிலிருந்த காலிக் குடங்களைச் சற்றுப் பார்த்து, "வர்றேன் மேடம்," என்று இறங்கிப் போனார்.

வீட்டில் ஒரு சமையலறையும், ஆள் திரும்பும் அளவுக்கு ஒரு நடையும், ஓர் அறையும் இருந்தன. தாயார் நேராக அறைக்குள் சென்றார். கதவின் விளிம்பைக் கையால் தடவினார். இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை மெல்ல ஆட்டிப் பார்த்தார்.

"கொஞ்ச நேரம் சாத்திக்கட்டுமா?" என்று கேட்டார்.

"சாத்திக்கோம்மா. உனக்கு எவ்வளவு நேரம் வேணுமோ."

கதவு மூடியது. தாழ்ப்பாள் எளிதில் நகரவில்லை. உள்ளே அந்த விரல்கள் அதோடு போராடுவது வெளியே கேட்டது. அளவையாளர் உதவிக்குக் கையை நீட்டி, பிறகு இழுத்துக்கொண்டார். கடைசியில் இரும்பு இரும்பில் போய் அமர்ந்தது. உள்ளே ஒரு நீண்ட பெருமூச்சு எழுந்தது. அதன் பின் சத்தமே இல்லை.

அளவையாளர் சமையலறையில் ஒரு குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். மாற்றுத் துணி உள்ளே இருந்தது. முழங்காலுக்குத் தடவும் தைலமும் உள்ளே அலமாரியில்தான் இருந்தது. தட்டினால் தாயார் உடனே திறந்துவிடுவார்.

அவர் தட்டவில்லை. இரு கைகளாலும் முழங்கால்களைப் பிடித்து விட்டபடி, மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.