ஏழாம் நம்பர் இயந்திரத்தின் கதவு

அதிகாரிகள் வந்த அன்று காலை பன்னிரண்டு இயந்திரங்களும் ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. அதைப் பார்த்ததும், யாரோ முன்கூட்டியே தகவல் கொடுத்துவிட்டார்கள் என்று அங்கே வேலை செய்யும் புனிதாவுக்குத் தெரிந்துவிட்டது.

கிள்ளான் மேரு சாலையில், பிளாஸ்டிக் வாளிகளும் கூடைகளும் செய்யும் தொழிற்சாலை அது. அச்சு இயந்திரத்தின் கதவைத் திறந்தால் இயந்திரம் தானாக நின்றுவிட வேண்டும். நின்று நின்று ஓடினால் அன்றைய எண்ணிக்கை முடியாது என்று, கதவின் சுவிட்சை டேப் சுற்றி அமுக்கி வைத்திருந்தார்கள். மூன்று மாதத்துக்கு முன் ஏழாம் நம்பர் இயந்திரத்தில் சிக்கிய வாளியை எடுக்கப்போன வாசுவுக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. கவனக்குறைவு என்று எழுதி நிர்வாகம் கோப்பை மூடியது. தொழிற்சங்கம் பாதுகாப்பு இலாகாவில் புகார் கொடுத்தது.

அந்தப் புகாரின் பேரில்தான் அதிகாரிகள் வந்தார்கள். முந்தின நாள் வரை இருந்த டேப் ஒன்றுகூட இல்லை. எல்லாம் சரி என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள் வரும் தேதி, புனிதாவையும் சேர்த்து, சங்கக் கமிட்டியின் ஐந்து பேருக்கு மட்டுமே தெரியும்.

அடுத்த வாரம் கமிட்டியில் இருந்த தனலெட்சுமியை, செய்த வாளிகளைச் சரிபார்க்கும் பரிசோதனை அறைக்கு மாற்றினார்கள். நாற்காலி, ஏர்கான், சத்தமில்லாத வேலை. பத்து வருடமாகப் புனிதாவோடு ஒரே மேசையில் சாப்பிட்டவள். புனிதா எதுவும் கேட்கவில்லை. அவள் வந்து உட்கார்ந்தால் பேச்சை நிறுத்தினாள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். நாலு நாளில் தனலெட்சுமி வேறு மேசைக்குப் போய்விட்டாள். அவள்தான் தகவல் கொடுத்தாள் என்பதற்கு அதையும் புனிதா ஒரு சாட்சியாகவே எடுத்துக்கொண்டாள்.

சங்கச் செயலாளர் சிவநேசன் இரண்டாவது சோதனைக்கு ஏற்பாடு செய்தார். "புதன்கிழமை. உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்," என்றார்.

திங்கட்கிழமை மத்தியானம் சூப்பர்வைசர், மறுபடி சுற்றியிருந்த டேப்பை ஒவ்வோர் இயந்திரமாக உரித்துக்கொண்டு வந்தார்.

தனலெட்சுமிக்கு இந்தத் தேதி தெரிய வழியே இல்லை. அப்படியென்றால் சிவநேசனா? மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் புனிதா கொமுட்டர் ரயில் பிடித்தாள். வழி நெடுக அவரைப் பற்றியே யோசித்தாள். இருபது வருடமாகச் செயலாளர். மேனேஜரோடு சிரித்துப் பேசுவார். போன மாதம் புதுக் கார் வாங்கினார்.

பிரிக்பீல்ட்ஸில் புடவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது சங்க அலுவலகம். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிவநேசன் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் யார்கிட்டயும் சொல்லல. நீ?"

"என்னையா சந்தேகப்படுறீங்க, அண்ணே?"

"நீ என்னைச் சந்தேகப்பட்டுத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்க. நானும் கேக்கலாம்லா."

"நான் யார்கிட்டயும்..." புனிதா பாதியில் நிறுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வாசுவைப் பார்க்கப் போயிருந்தாள். இடது கையால் சோற்றைப் பிசையத் தெரியாமல் அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறுதலாக எதையாவது சொல்ல நினைத்து, புதன்கிழமை மாட்டுவார்கள் பார் என்று சொன்னாள். முதல் சோதனைக்கு முன்பு அவன் வாக்குமூலத்தை எழுதப் போனபோதும் தேதியைச் சொன்னது அவள்தான். வாசுவை வெளியாள் என்று அவள் எண்ணவே இல்லை.

ஆறரை மணிக்கு அவன் பிளாட்டின் கதவைத் தட்டினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் வாசுவுக்குப் புரிந்துவிட்டது.

"ஆபீஸ்ல கூப்பிட்டாங்க, அக்கா. ஸ்டோர்ல உட்கார்ந்த வேலை தரோம், சங்கத்துல என்ன பேசுறாங்கன்னு மட்டும் சொல்லுன்னாங்க."

"உன் கைக்காகத்தானேடா நாங்க நடக்கிறோம்."

"நீங்க ஜெயிச்சா அந்தக் கதவு சரியாகும். இந்தக் கைக்கு வேற யாரு வேலை கொடுப்பா? ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

புனிதாவுக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் பேசும்போது அவன் அந்தக் கையைக் கைலி மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டிருந்தான். அவளால் கத்த முடியவில்லை.

"ஏழாம் நம்பர்ல இப்ப ஒரு நேப்பாள்காரப் பையன் நிக்கிறான். வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது," என்றாள். வாசு திரும்பிப் பிள்ளைகள் இருந்த அறையைப் பார்த்தான்.

"புதன்கிழமை யாரும் வரல, சங்கம் கேன்சல் பண்ணிடுச்சுன்னு ஆபீஸ்ல சொல்லு. சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்," என்றாள் புனிதா.

படியிறங்கும்போது அவளுக்கு அவன்மேல் துளியும் நம்பிக்கை இல்லை. தன் திட்டத்தையே நிர்வாகத்திடம் சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணி வரை கதவுகள் ஒழுங்காகவே இருந்தன. பதினொன்றுக்குச் சூப்பர்வைசர் டேப் சுருளோடு வந்தார். முதலில் ஏழாம் நம்பர் சுவிட்சைச் சுற்றினார். புனிதா தலையை நிமிர்த்தாமல் கூடைகளை அடுக்கினாள்.

புதன்கிழமை அதிகாரிகள் வந்தபோது டேப்பை உரிக்க நேரமில்லை. டேப் சுற்றியிருந்த ஒன்பது இயந்திரங்களை நிறுத்தி நோட்டீஸ் ஒட்டினார்கள். சுவிட்சுகளைச் சரிசெய்து மறுசோதனை முடியும் வரை அவற்றை ஓட்டக் கூடாது என்றார்கள். வாசுவின் விபத்துக் கோப்பையும் கேட்டு வாங்கிப் போனார்கள்.

வாசுவுக்கு ஸ்டோர் வேலை கிடைக்கவில்லை. அவன் நஷ்டஈட்டு வழக்கைச் சிவநேசன் எடுத்துக்கொண்டார். தகவல் கொடுத்தது யார் என்று கமிட்டியில் கேட்டார்கள். உண்மை தெரிந்த புனிதாவும் சிவநேசனும் வாய் திறக்கவில்லை.

அதற்கு முன்பே, வியாழக்கிழமை, புனிதா கேண்டீனில் தனலெட்சுமியின் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"உன்னைத் தப்பா நினைச்சிட்டேன்."

"தெரியும்," என்றாள் தனலெட்சுமி. "ஆபரேஷனுக்கு அப்புறம் நிக்க முடியலன்னு லெட்டர் கொடுத்து நாலு மாசம் ஆச்சு. அதான் மாத்தினாங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தாள். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வந்தாள். புதிதாக அமைத்த பாதுகாப்புக் கமிட்டிக்குப் பெயரும் கொடுத்தாள். ஆனால் புனிதாவின் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தும் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள்.