மழைக்கு முன்னால் ஒரு எடைச்சீட்டு

ராஜேஷ் அன்றைக்கு என் எதிரில் இருந்திருந்தால் நாலு சாத்து சாத்தியிருப்பேன். வண்டியோடு நிறுத்து எடைபோடும் எடைமேடைக்கான மென்பொருளை எழுதியது நாங்கள் இருவரும். அவன் பெரம்பலூர் ஆபீசில் சொகுசாக உட்கார்ந்துகொண்டான். அரியலூர் எடைமேடையின் திறப்பு விழாவில் மாட்டிக்கொண்டது நான்.

முந்தைய நாள் அவனே வந்து ஓட்டிக் காட்டிவிட்டுப் போனான். காலையில் கணினிக்குச் சந்தனம் வைத்து, எல்லாவற்றையும் அணைத்து, கற்பூரம் காட்டி, நல்ல நேரத்தில் எடைமேடை முதலாளியின் மனைவி மறுபடி சுவிட்சைப் போட்டார். திரையில் ஒரே ஒரு வரி: எடைக்கருவியோடு பேசும் லைப்ரரி என்ற துணைக்கோப்பைக் காணவில்லையாம்.

மேடைமேல், முதல் எடைக்கு வந்த விவசாயி பச்சையம்மாளின் டிராக்டர் நின்றது. பெட்டி நிறைய காயவைத்த மக்காச்சோளம், மேலே தார்ப்பாய் இல்லை. எடைச்சீட்டு இல்லாமல் கொட்டகைக்குள் விடமாட்டேன் என்று சோளம் வாங்கும் வியாபாரியின் ஆள் பிடிவாதமாக நின்றான். நனைந்தால் அவர்களே வாங்கவும் மாட்டார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

அந்தக் கோப்பு நிரலுக்குப் பக்கத்திலேயே குத்துக்கல்லாட்டம் கிடந்தது. ராஜேஷுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்தில் வைத்தால் தானாக எடுத்துக்கொள்ளுமே என்றான்.

"அது நம்ம ஆபீஸ் விண்டோஸ்ல. இது லினக்ஸுடா, சொன்ன எடத்துல மட்டுந்தான் தேடும். நேத்து எப்படி ஓடுச்சு?"

தேடவேண்டிய இடத்தை நேற்று தன் கையால் அடித்துக் கொடுத்தானாம். கணினியை அணைத்ததும் அது போய்விட்டது. அணைக்காமல் இருந்தால் ஓடியிருக்கும் என்று மென்று விழுங்கினான்.

"புது மிஷினுக்கு அணைச்சுப் பூஜை போடாம இருப்பாங்களா? நீ எந்த ஊர்லடா பொறந்த?"

நானும் கையால் அடித்துப் பார்த்தேன். முடிப்பதற்குள் காற்று எழும்பி கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் போட்டார்கள். மறுபடி அதே வரி. இந்த ஊர்க் கரண்டை நம்பி இனி இப்படி ஓட்ட முடியாது. 'உன் பக்கத்திலேயே தேடு' என்று நிரலுக்குள்ளேயே எழுதி, புதிதாகத் தொகுத்து அனுப்பு என்று ராஜேஷிடம் சொன்னேன். அவன் தட்டுவது போனில் கேட்டது. பச்சையம்மாள் தன் முந்தானையை விரித்துச் சோளத்தின்மேல் பிடித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவை மூடும் அது?

புது நிரல் வந்தது. மாற்றி வைத்துவிட்டு நானே கணினியை அணைத்து மறுபடி போட்டேன். எடை காட்டியது. சீட்டு வந்தது. டிராக்டர் கொட்டகைக்குள் நுழையவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

பச்சையம்மாள் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்களே பாருங்க. ஈரம் இருக்கா?"

"இல்லைங்க" என்றேன். கையிலிருந்த சோளத்தை ஒரு மணி சிந்தாமல் பெட்டியிலேயே திரும்பப் போட்டேன்.