கொடி இரண்டு முறை தாழ்ந்தது

அசோர்ஸ் தீவுகளிலிருந்து ஆரஞ்சு ஏற்றிவரும் கப்பல்கள் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள எங்கள் சால்கம் முனையைத் தொட்டாற்போலப் போகும், நிற்பதில்லை. நின்றால் பழம் அழுகும். நேரே லண்டன்தான். அதனால் மாலுமிகளின் மனைவிகள் முனையில் ஏறித் துணி காட்டுவோம். அவரவருக்கு ஒரு பாறை. வெள்ளை காட்டினால் வீட்டில் எல்லாரும் நலம். கறுப்பு காட்டினால் சாவு. அந்த வீட்டு ஆளை மட்டும் படகில் கொண்டுவந்து கரையில் விட்டுவிட்டுப் போவார்கள். எதைக் காட்டினாலும், பார்த்துவிட்டதாக ஒவ்வொருத்திக்கும் கப்பல் ஒருமுறை கொடியைத் தாழ்த்தும்.

என் மகள் டோர்கஸைப் புதைத்து மூன்று வாரமாகிறது. நான்கு வயது. தொண்டை அடைத்து, இரண்டே நாளில். கப்பலில் இருக்கும் என் கணவர் எலியாஸுக்குத் தெரியாது. மூன்று வாரமாக இந்தக் கப்பலுக்காகத்தான் நான் காத்திருந்தேன். பேச்சுக் கேட்காத வீட்டில் தட்டைக் கழுவும் ஓசைகூட எனக்குப் பயமாயிருந்தது.

பக்கத்துப் பாறையில் கெசியாக்கா வெள்ளைப் போர்வையை உதறினாள். அவள் கணவனும் அதே கப்பலில்தான்.

"என் ஆளுக்குப் போர்வை தெரியாது, கீழ நிக்கிற நான்தான் தெரிவேன். அவ்வளவு அகலமாயிட்டேன்" என்றவள், என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "சால்வைய எடுடி. கப்பல் தாண்டிரும்."

தோளிலிருந்து கறுப்புச் சால்வையை எடுத்தேன்.

ஒவ்வொரு பழத்தையும் சோளமடலில் சுற்றித்தான் அனுப்புவார்கள். நல்ல மடலாகப் பொறுக்கி டோர்கஸின் பொம்மைக்குப் பாவாடை செய்துகொண்டு வருவார் எலியாஸ். இப்போதும் கப்பலில் அவர் படுக்கைக்கடியில் ஒன்று இருக்கும். அந்தக் கப்பலில் மட்டும்தான் அவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்று தோன்றியது.

சால்வையைக் கீழே போட்டு அதன்மேல் நின்றேன். இடுப்பில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்துத் தூக்கினேன்.

"அடியே, என்ன பண்ற?"

"இருக்கட்டுமேக்கா. லண்டன் போய்த் திரும்ப பத்து நாளாகும்ல."

"அந்தப் பத்து நாளும் நீ தனியால்லடி கிடப்ப. வந்து கேட்டா என்ன சொல்லுவ?"

துணியை இன்னும் உயரத் தூக்கினேன்.

பாய்மரங்கள் நெருங்கி வந்தன. கொடி தாழ்ந்து எழுந்தது. அது எனக்கு. கொஞ்சம் பொறுத்து மறுபடி தாழ்ந்தது, கெசியாக்காவுக்கு.

கப்பல் மறையும்வரை துணியை இறக்கவில்லை. பிறகு இடுப்பில் கட்டப் பார்த்தேன். விரல்கள் விறைத்து முடிச்சு விழவில்லை. கெசியாக்கா வந்து பின்னாலிருந்து கட்டிவிட்டாள்.