வெறும் பெயர்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், நிமலன் மாஸ்டர் சிவப்பை ஒழிக்கக் கிளம்பிவிடுவார். பண்டாரவளையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அளவையியல் என்கிற தர்க்கப் பாடம் டியூசன் எடுக்கிறவர். வீட்டு முன்னறை மேசையில் ஒரு தக்காளியையும் ஒரு செம்பருத்தியையும் வைப்பார். இரண்டும் சிவப்பு, சரி; அந்தச் சிவப்பு என்று தனியாக ஒன்று எங்கே இருக்கிறது, காட்டுங்கள் பார்க்கலாம் என்பார். பிள்ளைகள் திருதிருவென்று விழிக்கும். உலகத்தில் இருப்பது தனித்தனிப் பொருள்தான், பொதுத்தன்மை என்பதெல்லாம் நாம் ஒட்டிய வெறும் பெயர், தோட்டத்தான் டவுன்காரன் என்பதும் அப்படித்தான் என்று முடித்து, மீசையைத் தடவிக்கொள்வார். என்னவோ தானே கண்டுபிடித்த மாதிரி.

பிறகு அந்தத் தக்காளியை ரசத்துக்கு நறுக்குகிறவள் தங்கை சுபாஜினி. தாய் தகப்பன் போனபின் அவளுக்கு மிஞ்சிய ஒரே சொந்தம் அவர். தோட்டத்தான் டவுன்காரன் என்பதெல்லாம் வெறும் பெயர் என்ற அவருடைய பேச்சை அவள் நம்பித் தொலைத்தாள். பெரகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டும் ஜீவனை வெள்ளிக்கிழமை பதிவுத் திருமணம் செய்யப்போவதாகவும், அண்ணன் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் அந்தத் தைரியத்தில்தான் கேட்டாள்.

மாஸ்டர் தாம்தூம் என்று குதித்தார். லயத்துப் புத்தி எங்கே போனாலும் மாறாது, அக்கம்பக்கத்தில் தலைகாட்ட முடியாது என்று கொட்டித் தீர்த்தார். இத்தனைக்கும் அவர் பிறந்தது அதே தோட்டத்துத் தொழிலாளர் லய வரிசையில், ஜீவன் வீட்டுக்கு இரண்டு காம்பரா தள்ளி. கேட்டால் சொந்த ஊர் பதுளை டவுன் என்பார், வெட்கங்கெட்ட மனிதர்.

சுபாஜினிக்கு அழுகை வரவில்லை. இந்த ஆளுக்கா இத்தனை வருஷம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தோம் என்று அருவருப்பாக இருந்தது.

"லயத்து ஆளுன்னு பொதுவா ஒண்ணு கெடையாது, வெறும் பேருன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அது பாடம், இது வாழ்க்கை என்றார் மாஸ்டர், கொஞ்சமும் கூசாமல். கையெழுத்தும் கிடையாது என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அவள் பையோடு புறப்பட்டாள். சாட்சிக்கு லொறி கிளீனர் முருகையாவும் அவன் மாமாவும் வருவதாக ஏற்பாடு. மாஸ்டர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அண்ணன் என்கிற மரியாதைகூட இல்லையா, அண்ணன் சொல்வதைக் கேட்கமாட்டாயா என்றார்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். பேச்சு வந்த நாளிலிருந்து அண்ணே என்பதைத் தவிர வேறு விதமாக அவரைக் கூப்பிட்டதில்லை.

"அண்ணன்ங்கிறதும் வெறும் பேருதான். நிமலன், வழிய விடுங்க."

மாஸ்டர் ஒதுங்கி நின்றார்.