இரண்டாவது பெர்மிட்

காலையில் ஜெகதளாவிலிருந்து குன்னூருக்குக் கிளம்புவது ஒரே மினி பஸ். அதில் கண்டக்டர் அருள்ராஜ். குன்னூரில் தேயிலை ஏலக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் கோகிலவாணி மூன்று வருஷமாக அந்த பஸ்ஸில்தான் போனாள். ஏறும்போது சிரிப்பாள். அது தனக்கென்றே வந்த சிரிப்பு என்று அருள்ராஜ் நம்பியிருந்தான்.

"டேய் அருளு, வேற பஸ்ஸே கெடையாது. உன்ற வண்டில ஏறாம அந்தப் புள்ள பறந்தா போகும்?" என்று டிரைவர் சின்னராஜ் ஒருநாள் கேட்டுவைத்தார். அன்றிலிருந்து அருள்ராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் வழித்தடத்தைத் திறந்துவிட்டு, ஒரு நீல மினி பஸ்ஸுக்கும் பெர்மிட் கொடுத்தது. போட்டி வந்தால் ஜனங்கள் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். முதலாளி பொன்னுத்துரை தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அந்தக் கொள்கையை மனசார நம்பிய ஒரே ஜீவன் அருள்ராஜ்தான். இனி அவள் ஏறினால், அது தேடி ஏறியதாகும்.

ஆனால் இரண்டு பஸ்ஸும் ஒன்றையொன்று முந்தி ஓடின. எது முதலில் வந்து நின்றதோ அதில் ஏறிக்கொண்டாள் கோகிலவாணி.

"அண்ணா, ஒரே ஒரு நாள் ரெண்டு வண்டியும் பக்கத்துல பக்கத்துல நிக்கட்டுமுங்ணா," என்று சின்னராஜிடம் கெஞ்சினான் அருள்ராஜ்.

"எதுக்குடா?"

"சும்மாதானுங்."

"மூஞ்சியப் பாரு. சரி, திங்கக்கெழம நிறுத்தறேன். அழுவாத."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு முதலாளிகளும் டீயும் வர்க்கியும் சாப்பிட்டுச் சமாதானமாகிவிட்டார்கள். எட்டு மணி அருள்ராஜின் பஸ்ஸுக்கு, எட்டேகால் நீல பஸ்ஸுக்கு. யாரும் யாரையும் முந்தக்கூடாது. முதலாளிகள் இப்படிக் கூடிப் பேசி வைத்துக்கொள்வதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறதாம். அதற்கு ஜெகதளா வர பஸ் கிடைக்கவில்லை போலும்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கோகிலவாணி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அருள்ராஜ் விசில் ஊதவில்லை. இறங்கிப்போய்ப் பின்சக்கரத்துக்கு முன்னால் குந்தினான்.

"ஏனுங்க, வண்டி எடுப்பீங்களா, மாட்டீங்களா?" என்று உள்ளேயிருந்து ஒரு அம்மா கத்தினார்.

"காத்து கொஞ்சம் கம்மியாட்ட இருக்குதுங்க."

"டயர்ல நல்லாத்தான் இருக்குது. உனக்குத்தான்டா எறங்கிப்போச்சு," என்றார் சின்னராஜ். ஆனாலும் வண்டியை எடுக்கவில்லை.

எட்டேகாலுக்கு நீல பஸ் பாட்டோடு வந்து பக்கத்தில் நின்றது. மொத்தக் கூட்டமும் அருள்ராஜைத் திட்டிக்கொண்டே இறங்கி அதற்குள் அடைந்தது. கோகிலவாணியும் இறங்கினாள். கடைசி ஆளாக. படியில் கால்வைக்க இடமில்லை. நீல பஸ் அவளை விட்டுவிட்டுக் கிளம்பியது. திரும்பி வந்தாள்.

"அதுல எடமில்லீங்க," என்று சிரித்தாள்.

காலி பஸ் இறக்கத்தில் உருண்டது. கடைசியாக இறங்கினாளே, மனசில்லாமலா? இல்லை, ஜன்னலோரத்திலிருந்து வெளியே வர அவ்வளவு நேரமானதா? கேட்டால் தெரிந்துவிடும். கம்பியைப் பிடித்தபடி அவளிடம் போனான். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"டிக்கெட்டுங்க," என்றான்.