விருந்தாளித் தண்ணீர்

நெல் பாபு முதன்முதலாக ஜோஜோபேடாவுக்கு வந்த அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. அவருடைய உண்மைப் பெயர் நிரஞ்சன் மஹதோ. விதைப் பண்ணை அதிகாரி. ஜீப்பை விட்டு இறங்கி மைனோ பெஸ்ராவின் வாசல் நிழலில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தவர்தான், அதன்பின் அவருக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை.

மைனோ பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, குனிந்து ஜோஹார் என்று வணக்கம் சொன்னாள். அந்தச் சொம்பை வைக்காமல் எந்தச் சந்தால் பழங்குடி வீட்டிலும் விருந்தாளியோடு பேச்சே தொடங்காது. அதில் இருந்தது குன்றுக்கு அந்தப் பக்கத்து ஊற்றுத் தண்ணீர். விடியும்போதே போய், ஒரே ஒரு குடம் தலையில் வைத்துக் கொண்டுவருவாள். சாமிக்கும் வந்தவர்களுக்கும் அந்தக் குடம். வீட்டில் இருப்பவர்களுக்குத் தெருமுனையில் அடிபம்பு வைத்த போர் தண்ணீர்.

"ஆகா, என்னா தண்ணிம்மா இது! ராஞ்சியில காசு குடுத்தாலும் கிடைக்காது" என்று நெல் பாபு ஒரே மூச்சில் குடித்து முடித்தார். மைனோவுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று.

அவர் கொண்டுவந்திருந்த சேதி பெரியது. நூறே நாளில் விளையும் புது நெல். குட்டையாக நிற்கும், காற்றுக்குச் சாயாது. ஊருக்கு மோட்டார் கொடுத்து, போர் தண்ணீரைப் பாய்ச்சிக் கோடையிலும் ஒரு போகம் எடுக்கலாம். மழைப் பயிர் ஒன்றை மட்டும் நம்பிவிட்டு, மிச்ச நாளெல்லாம் வங்காளத்துச் செங்கல் சூளைக்கு ஓடும் ஊர் அது. மைனோவின் ஒரே மகன் சிங்ராயும் அந்த ஓட்டத்தில் ஒருவன்.

"இந்த விதைய எப்பிடி மாத்துனீங்க பாபு?" என்று கேட்டார் ஊர்த்தலைவர் மாஞ்ஜி.

"அணுக்கதிர்ல வச்சு மாத்துனது."

"அப்ப நாங்களும் இந்நேரம் குட்டையா, காத்துக்குச் சாயாம நிக்கணுமே பாபு! முப்பது வருசமா அதுக்குப் பக்கத்துலதான குடியிருக்கோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். மாஞ்ஜி கைகாட்டிய திசையில் சேற்றணை வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. யுரேனியச் சுரங்கத்துக் கல்லை அரைத்துச் சரக்கை எடுத்துக்கொண்டு, மிச்சக் குழம்பைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து கொட்டும் இடம். ஊருக்கும் அதற்கும் நடுவே ஒரு வேலி, ஒரு பலகை. பலகையில் எழுதியிருந்ததை ஆடுகள் படித்ததில்லை, அதனால் உள்ளே போய் மேய்ந்தன.

அந்த அணையால்தான் நெல் பாபுவுக்கு ஒரு வேலை கூடிப்போனது. போர் தண்ணீரில் கதிர்வீச்சு இருக்கிறதா என்று சோதனைச் சாலை சொன்ன பிறகே விதையும் மோட்டாரும். அவர் பையிலிருந்து ஒரு வெள்ளை கேனை எடுத்தார். வெளியே வெயிலைப் பார்த்தார். பிறகு மைனோவைப் பார்த்தார்.

"அம்மா, கொஞ்சம் போர்ல அடிச்சு இதுல பிடிச்சிட்டு வந்துடுங்களேன். பத்து நிமிசம் அடிச்சு வெளிய விட்டுட்டு, அப்புறம் பிடிங்க."

மைனோ போனாள். சொன்னபடியே அடித்தாள். துருநாற்றத்தோடு செம்மண் நிறத்தில் வந்தது தண்ணீர். டீ போட்டால் மை மாதிரி கறுத்துப்போகும் தண்ணீர் அது. கையிலிருந்த கேனோ பால்போல் வெளுப்பு. இதை ராஞ்சியில் நாலு பேர் மேசைமேல் வைத்துப் பார்ப்பார்கள், ஜோஜோபேடா மைனோ விருந்தாளிக்குக் கொடுத்தனுப்பிய தண்ணீரைப் பார் என்பார்கள் என்று நினைத்தபோதே அவளுக்குக் கூசியது. பின்வாசல் வழியாக வீட்டுக்குள் புகுந்து, ஊற்றுக் குடத்தைச் சரித்துக் கேனை நிரப்பினாள். மகனை நினைத்துச் செய்தாள் என்றால் அது பொய். வெட்கத்தால்தான் செய்தாள்.

நெல் பாபு தண்ணீர் மாறாமலிருக்கக் கேனில் ஒரு சொட்டு அமிலம் விட்டு மூடி, மேலே தேதி எழுதிக்கொண்டார்.

முடிவு மழைக்காலத்தில் வந்தது. தண்ணீரில் குற்றமே இல்லை. மாஞ்ஜி அந்தக் காகிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் சுவரில் மாட்டினார். மோட்டார் வந்தது, விதை வந்தது. சிங்ராய் சூளைக்குப் போகவில்லை. போகாதவனுக்குப் பெண் கிடைத்தது. மூன்று மலை தாண்டிய ஊரிலிருந்து டும்னி மருமகளாக வந்தாள். வாயாடி, ஆனால் வேலைக்காரி. வந்த முதல் நாளே மாமியாரை அம்மாவாக்கி, "என்ன ஆயோ, உங்க ஊரு டீ உங்க மகன் கலர்ல இருக்கு?" என்று கேட்டவள்.

மைனோவுக்கு அந்தக் காகிதத்தில் இருப்பது எந்தத் தண்ணீர் என்று தெரியும். ஆனால் மனுஷ மனம் வேடிக்கையானது. அத்தனை முத்திரையும் கையெழுத்தும் கண்ணாடிக்குள் பளபளப்பதைப் பார்க்கப் பார்க்க, போர் தண்ணீரும் நல்லதாகத்தான் இருக்கும் என்று அவளே நம்பத் தொடங்கிவிட்டாள். படித்தவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்!

முதல் கோடை நெல் வீட்டுக்கு வந்த மாதம், டும்னிக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது.

அந்த ஊரில் அது புதிதல்ல. வீட்டுக்கு ஒரு கதை உண்டு. தெருவில் கை கால் விளங்காமல் பாயோடு கிடக்கும் பிள்ளைகள் நாலு பேர். தண்ணீரால்தான் என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை, தண்ணீரால் இல்லை என்றும் சொன்னதில்லை. ஆனால் மைனோவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நான்தானோ, நான்தானோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் முதல் ஊற்றுக்கு இரண்டு நடை நடந்தாள். இரண்டாவது குடம் டும்னிக்கு.

"எதுக்கு ஆயோ இந்த வயசுல மலை ஏறி எறங்குறீங்க? போர் தண்ணிதான் நல்லதுன்னு கண்ணாடி போட்டு மாட்டியிருக்காங்களே."

"குடின்னா குடி. எதுத்துப் பேசாத."

"சரி சரி, இன்னைக்கு நான் விருந்தாளி" என்று சிரித்துக்கொண்டே குடித்தாள் டும்னி. மைனோ முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதினாள். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தரம் வாய்வரை வந்தது. சொன்னால் மோட்டார் போகும், நெல் போகும், மகன் மறுபடி சூளைக்குப் போவான், ஊரே காறித் துப்பும். அந்தக் கணக்கிலேயே ஒரு வருஷம் போய்விட்டது.

அடுத்த கோடையில் டும்னி மறுபடி உண்டானாள். மூன்றாம் மாதம். அந்த வைகாசியில்தான் ஊற்று வற்றியது. மைனோ மண்ணைக் கையால் தோண்டிப் பார்த்தாள். ஈரம்கூட இல்லை. காலிக் குடத்தோடு அவள் இறங்கி வந்தபோது, கோடை நெல் அறுவடையைப் பார்க்க நெல் பாபு வந்திருந்தார். களத்தில் ஊரே கூடியிருந்தது. கழுத்தில் போட்ட பூமாலையோடு அவர் ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து, மணிகளை மாஞ்ஜிக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

மைனோ குடத்தைக் கீழே வைத்துவிட்டு நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"பாபு, அன்னைக்கு நீங்க கொண்டுபோனது போர் தண்ணி இல்ல. ஊத்துத் தண்ணி. நான்தான் மாத்தி ஊத்துனேன்."

களத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன ஆயோ ஒளர்றே?" என்று பாய்ந்து வந்தான் சிங்ராய். "வெயில்ல போயிட்டு வந்து என்னத்தையோ பேசாத. வீட்டுக்குப் போ."

"ஒளறல்லடா. அந்தச் செவப்புத் தண்ணிய அவர் கையில குடுக்க வெக்கமா இருந்துச்சு. பாபு, உங்க கால்ல விழுறேன், இன்னொரு தரம் எடுத்துட்டுப் போய்ப் பாருங்க. எம் மருமக முழுகாம இருக்கா."

நெல் பாபுவின் முகம் சாம்பலாகிவிட்டது. மாதிரித் தண்ணீரை என் கையால் எடுத்தேன் என்று எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டவர் அவர். இந்த நெல்லுக்காகப் பதவி உயர்வும் வந்திருந்தது. கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. அன்று வெயிலில் ஐம்பது அடி நடக்கச் சோம்பல்பட்டார், அவ்வளவுதான். அவர் மைனோவைப் பார்த்தார், மாஞ்ஜியைப் பார்த்தார், கைகட்டி நிற்கும் நாற்பது குடும்பங்களையும் பார்த்தார். எல்லாக் கண்களும் அவரிடம் கேட்டது ஒன்றுதான்.

"இல்லம்மா" என்றார் மெதுவாக. "உங்களுக்கு ஞாபகம் பிசகிடுச்சு. நான்தான் போருக்கு வந்து என் கையால பிடிச்சேன். ரிப்போர்ட்லயும் அப்படித்தான் இருக்கு."

களம் முழுவதும் மூச்சு விட்டது. யாரோ சிரித்தார்கள்.

"மொதப் பேரன் தங்கலைன்னதும் பாவம், அவளுக்குப் புத்தி கலங்கிப்போச்சு பாபு. மனசுல வச்சுக்காதீங்க" என்றார் மாஞ்ஜி. "ஏய், பாபுவுக்குச் சாப்பாட்டைப் பாருங்கடா."

சிங்ராய் தாயின் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்தான். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அவள் சொன்னது நிஜம் என்று அவனுக்கும் தெரிந்துவிட்டதை மைனோ அதிலேயே புரிந்துகொண்டாள். அவன் கதிர்க்கட்டு தூக்கப் போய்விட்டான்.

டும்னி மட்டும் அங்கேயே நின்றாள். அறுத்த அரிவாள் இன்னும் கையில் இருந்தது.

"நிஜமா ஆயோ?"

மைனோ தலையை ஆட்டினாள்.

"நான் வந்த அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அந்த ஆளு ஒரு மணி நேரம் கட்டில்ல உக்காந்துட்டுப் போனவன்" என்றாள் டும்னி. குரல் உயரவே இல்லை, அதுதான் மைனோவுக்குப் பயமாக இருந்தது. "அவனுக்கு நல்ல தண்ணி. நான் உங்க வீட்டுப் பொண்ணு. அதனால எனக்கு இது."

"உனக்குந்தானேம்மா சொமந்தேன், ஒரு வருசமா…"

"புள்ள போன பெறகு சொமந்தீங்க."

மைனோவுக்கு நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது, அழுகை வரவில்லை.

களத்திலிருந்து மாஞ்ஜி கூப்பிட்டார். பாபுவுக்குப் புது நெல் சோறு ஆக்க வேண்டும், சீக்கிரம் உலை வைக்கச் சொன்னார். டும்னி அரிவாளைக் களத்துக் கொட்டகைக் கூரையில் செருகினாள். மாமியார் கீழே வைத்த காலிக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருமுனை போரை நோக்கி நடந்தாள். அந்த ஊரில் அன்று வேறு தண்ணீர் இல்லை.