கேஸில் ஓடிய வள்ளமும் அதன் மேல் பெய்த பனியும்

அமலோற்பவம் தன் புருஷனின் படகு மோட்டாரைச் சமையல் கேஸில் ஓட வைத்த பன்னிரண்டாம் நாள் புன்னைக்காயலில் வெண்பனி பெய்தது. ஊருக்கெல்லாம் இல்லை, அந்த ஒரு வள்ளத்தின் மேல் மட்டும். சித்திரை மாதம், காலை பத்து மணி. அவள் புருஷன் ரோச் கரை திரும்பிக்கொண்டிருந்தான். முதலில் பார்த்தவர்கள் உப்பளத்திலிருந்து காற்று அள்ளி வந்த உப்பு என்று நினைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். கரிக்கவில்லை.

அமலோற்பவம் கோயிலுக்குப் பின்னால் கேஸ் அடுப்பு பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள். ரோச்சின் சின்னப் பெட்ரோல் மோட்டார், கார்புரேட்டரில் அழுக்கு அடைத்து, ஒரே மாதத்தில் இரண்டு தடவை அவனை நடுக்கடலில் நிறுத்திவிட்டது. இரண்டாவது தடவை துடுப்புப் போட்டே கரை சேர்ந்ததில் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. அவள் மோட்டாரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனாள். கார்புரேட்டரின் வாயருகே துளை போட்டு ஒரு பித்தளைக் குழாயைச் செருகினாள். மோட்டார் மூச்சிழுத்தால் மட்டும் கேஸ் விடுகிற, நின்றால் தானே அடைத்துக்கொள்கிற ரெகுலேட்டர் ஒன்றைத் தூத்துக்குடியில் தேடி வாங்கி வந்தாள். ஐந்து கிலோ சிலிண்டரை வள்ளத்தின் பின்பக்கம் நிமிர்த்தி வைத்துக் கட்டி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று மூன்று நாள் பார்த்தாள். நான்காம் நாள் கயிற்றின் முதல் இழுப்பிலேயே மோட்டார் பிடித்துக்கொண்டது.

கேஸ் வேகமாக வெளியேறினால் சிலிண்டர் குளிரும் என்பது அவளுக்குத் தெரியும். அடியில் மெல்லிய வெள்ளை பூக்கும், துடைத்தால் போய்விடும். இதில் பூத்தது துடைக்கத் துடைக்க வளர்ந்தது. குழாய், பலகை, வள்ளத்தின் முனை என்று ஏறி, பன்னிரண்டாம் நாள் மேலே போய்த் திரும்பி விழ ஆரம்பித்தது. சிலிண்டரை மாற்றினாலும் விழுந்தது, மோட்டாரை நிறுத்தினால் நின்றது. ரோச் ஒரு கம்பளித் தொப்பி வாங்கிக்கொண்டான். நாசரேத்திலிருந்து செல்வதுரை என்ற பள்ளிக்கூட வாத்தியார் வந்து வள்ளத்துக்குள் தெர்மாமீட்டரைப் பிடித்தார். சைபர் காட்டியது. ஒரு முழம் வெளியே நீட்டினார், முப்பத்தாறு. இரண்டையும் எழுதிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

ஆடியில் ரோச்சின் தம்பி ஃபிராங்க்ளின் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அப்பாவின் பழைய வள்ளம் யாருக்கு என்ற சண்டையில் அண்ணனும் தம்பியும் ஆறு வருஷமாகப் பேசுவதில்லை. தேடப்போன படகுகள் இரண்டு நாளில் வெறுங்கையோடு திரும்பின. மூன்றாம் நாள் தம்பி பெண்டாட்டி சுஜிதா வந்து வாசலில் நின்றாள். இத்தனை பேர் தேடியும் கிடைக்காதவனை நான் எங்கே போய்த் தேட என்று ரோச் சுவரைப் பார்த்துச் சொன்னான். அமலோற்பவம் இரண்டு சிலிண்டர்களைத் தூக்கி வாசலில் வைத்தாள்.

"மோட்டார் நான் கட்டுனது. நீங்க வரலைன்னா நானே ஓட்டிட்டுப் போறேன்."

இருவரும் போனார்கள். காற்று தள்ளிய பக்கமே ஓட்டி, மறுநாள் மத்தியானம், கவிழ்ந்த வள்ளத்தின் முதுகில் ஃபிராங்க்ளினைக் கண்டார்கள். உயிர் இருந்தது. உதடு வெடித்து, நாக்கு வீங்கி, வாயில் விட்ட தண்ணீர் தொண்டையில் இறங்காமல் வெளியே வழிந்தது. அமலோற்பவம் பனி நின்றுவிடாதபடி மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருந்தாள். ரோச் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, உள்ளங்கையில் பனியை ஏந்தி, சிட்டிகை சிட்டிகையாக அவன் நாக்கில் வைத்தான். அது மெல்ல உருகி இறங்கியது. ரோச்சின் விரல்கள் மரத்துப்போயின, அவன் நிறுத்தவில்லை. ஒரு மணி நேரம் கழித்து ஃபிராங்க்ளின் கண்ணைத் திறந்தான்.

"அண்ணே, இது என்னது?"

"பனி. வாயத் தொற, லே."

ஆறு வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான். இப்போது இருவரும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறார்கள். போன மாதம் படகுகளைக் கணக்கெடுக்க ஓர் அதிகாரி வந்தார். அவர்களுடைய வள்ளம் அப்போதுதான் இரைச்சலோடு கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் முட்டளவுத் தண்ணீரில் இறங்கி, உள்ளே எட்டிப் பார்த்தார். படிவத்தில் ஐஸ் பெட்டி உண்டா என்ற கட்டத்தில் 'தேவையில்லை' என்று எழுதி, காகிதத்தில் விழுந்த பனியைத் தட்டிவிட்டு, அடுத்த வள்ளத்துக்குப் போனார்.